ஆள் குறைந்த பக்கம்

எந்த மனிதனுக்கும் தன் பக்கம் ஆள் சேர்ந்தால் சந்தோஷம் வரும். எங்கள் ஐஸ் நானாவுக்கு மட்டும் அப்போதுதான் வியர்க்கும்.

இலங்கையின் கற்பிட்டிப் பக்கம், கடல் உள்ளே புகுந்து கிடக்கும் களப்பின் கரையில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்து விற்றவர். உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை; எல்லாருக்கும் அவர் ஐஸ் நானா, ஐஸ் அண்ணன். எங்கே இரண்டு கட்சி இருந்தாலும் ஆள் குறைந்த பக்கம் போய் உட்காருவார். அங்கே ஆள் சேரத் தொடங்கினால் இடுப்புச் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விடுவார். தேநீர்க் கடையில் கிரிக்கெட் ஓடினால் தோற்கிற அணிக்குக் கைதட்டுவார். அது தப்பித்தவறி வெல்லப் பார்த்தால் மனம் நொந்துபோவார். சொந்த மகளின் கலியாணப் பேச்சில் பெண் வீட்டார் கூடம் நிறைய இருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் மூன்றே பேர். நானா எழும்பிப் போய் மாப்பிள்ளையின் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெண் வீட்டாரைக் குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கினார். கலியாணம் எப்படியோ நடந்தது. அவர் மனைவிதான் நோன்புப் பெருநாள் வரைக்கும் அவரோடு கதைக்கவில்லை.

இந்த மனிதர் ஏன் இப்படி என்பது எனக்குப் பல வருட ஆராய்ச்சி. பிடிவாதம் என்றார்கள் சிலர். ஐஸ் பிடித்துப் பிடித்து மூளை உறைந்துவிட்டது என்றான் என் தம்பி. இரண்டும் எனக்குத் திருப்தியாக இல்லை.

அப்போதுதான் ஷிஃபானாவின் பிரச்சினை வந்தது. எங்கள் ஊரிலிருந்து கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளை. சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர்கள் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுக் கதைக்கவேண்டும், அதை எங்கள் மதரசா மண்டபத்தில் வைக்கவேண்டும், பஸ்ஸுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் பள்ளிவாசல் ஜமாஅத் காசு தரவேண்டும் என்று கேட்டாள். கேட்கமுதலே கூட்டாளிகளுக்கு வாக்கும் கொடுத்துவிட்டாள். ஊர் கைவிரித்தால் அவள் எந்த முகத்தோடு கம்பஸுக்குத் திரும்பிப்போவாள்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் மாடியில் கூட்டம். ஜமாஅத்தின் செயலாளர் நான். தலைவர் ஹாஜியார் எடுத்த எடுப்பிலேயே மறுத்தார்.

"எப்ப பாத்தாலும் எவனோ செஞ்சதுக்கு எங்கட புள்ளைகள்தான் கைகட்டி நின்டு விளக்கம் சொல்லணும். அதுக்கு சாப்பாடும் நாங்களே போடணுமா?"

அது சுருக்கென்று தைத்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் தலையாட்டினார்கள். கூரை ஒழுகுவதை முதலில் பாருங்கள் என்றார் ஒருவர். ஷிஃபானாவுக்காக வாய் திறந்தவர்கள் நானும் ஓர் ஆசிரியரும்தான். ஆகவே ஐஸ் நானா எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

பேசினார் பாருங்கள்! பிள்ளைகள் கதைக்காமல் இருந்து இதுவரை என்ன லாபம் கண்டோம் என்றார். தெரியாத ஆளுக்குத்தான் பயப்படுவோம் என்றார். ஒருவர் மனம் மாறினார், பிறகு நாலைந்து பேர், கடைசியில் கூரை ஒழுகுகிறது என்றவரும். எங்கள் பக்கம் கூடக்கூட நானா நெளியத் தொடங்கியிருந்தார். நான் பயந்தபடியே எழும்பினார். சாரத்தைத் தூக்கிக் கட்டினார். தனித்துப்போன ஹாஜியாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இந்த ஒன்றுகூடலே வீண் செலவு, இந்தப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்கவே கூடாது என்று முழங்கினார்.

ஹாஜியாருக்கே தாங்கவில்லை. "நானா, நான் அவ்வளவு மோசமாச் சொல்லல்லயே" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, தன் சமூகம் முழுவதற்கும் பதில் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். எல்லாரும் ஆம் என்றார்கள். எதிர்த்தவர் ஐஸ் நானா ஒருவர் மட்டும். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

குறித்த நாளில் பஸ் வந்தது. பிள்ளைகள் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். ஒற்றுமை நல்லது என்றார்கள் எல்லாரும். அதற்குப் பிறகு கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. மின்விசிறிதான் பேசிக்கொண்டிருந்தது. ஷிஃபானாவின் முகம் சுருங்கிவிட்டது. ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வையில் பஸ் கூலி தெரிந்தது.

பகல் சாப்பாடு சஹன். பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஆறு பேர் சேராமல் பரிமாறுகிறவர்கள் மூடியைத் திறக்கமாட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு அடுத்த அறையில் பாய் விரித்திருந்தது. இங்கே பையன்கள் அவரவர் கூட்டாளிகளோடு குந்தினார்கள். ஒரு தட்டில் நாலு பேர், ஒன்றில் மூன்று, ஒன்றில் ஐந்து. எல்லாத் தட்டும் குறை. புரியாணி மணக்கிறது, மூடி திறக்கவில்லை.

தண்ணீருக்கு ஐஸ் கொண்டுவந்த நானா இதைக் கண்டார். ஆகக் குறைந்த தட்டில் போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னொரு பையன் அங்கே வர, எழும்பி அடுத்த குறைந்த தட்டுக்குப் போனார். அங்கேயும் ஆள் கூட, மறுபடி எழும்பினார். அவர் உட்கார்ந்த தட்டு நிறையவேயில்லை. பசியில் பையன்கள் ஆறு பேர் சேர்ந்தால் போதும் என்று கண்ட கண்ட இடத்தில் மாறி மாறிக் குந்தினார்கள்.

"மே அங்கள் கவுத?" என்று ஒரு சிங்களப் பையன் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான்.

"எனக்கும் அதுதான் விளங்கேல்ல, யார் இந்த மனுசன்?" என்றான் எலுவன்குளத்துத் தமிழ்ப் பையன். நடுவில் இருந்த எங்கள் ஊர்ப் பையன் இரண்டு மொழியிலும் கலியாணப் பேச்சுக் கதையை எடுத்துவிட்டான். சிரிப்பு வெடித்தது. மூடிகள் திறந்தன. அடுத்த அறையிலிருந்து என்ன என்ன என்று ஷிஃபானா எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் அந்த மண்டபத்தில் வாய் மூடியவர்கள் இல்லை. சண்டைகூடப் பிடித்தார்கள். நல்ல சண்டை.

அந்தச் சாப்பாட்டு நேரத்தில் நானா மட்டும் மூலையில் வெறும் சஹன் ஒன்றின் முன்னால் தனியே இருந்தார். நான் போய் எதிரே உட்கார்ந்தேன். ஏன் நானா இப்படி என்று அன்றைக்குத்தான் நேராகவே கேட்டேன்.

"தனிய நிக்கிறவன் சொல்றது சரியோ பிழையோ எனக்குத் தெரியா, செயலாளர். தனிய நிக்கிறது பொல்லாத விஷயம். எனக்கு அத பாத்துட்டு இரிக்க ஏலா."

சொல்லி முடிக்கவும் ஹாஜியார் வந்து எங்கள் தட்டில் அமர்ந்தார். நானா சாரத்தில் கை வைத்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் பிடித்த கை, சில்லென்று இருந்தது. தலைவர் இருந்த தட்டு என்பதால் ஆறு பேர் சேராமலே சோறு வந்தது; சாப்பிட்டு முடியும்வரை நான் அந்தக் கையை விடவில்லை.