டாவி வைத்த குழாய்

காலைக் காபி முடிந்தது. ஹெஸ்டர் கோப்பை, தட்டு, கரண்டி எல்லாவற்றையும் நீல பிளாஸ்டிக் டப்பில் போட்டாள். டப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பளபளவென்று மின்னிய புத்தம்புதுத் தொட்டியையும் குழாயையும் தாண்டி, கேரவனின் படியில் இறங்கி நடந்தே போய்விட்டாள்.

டாவி ஸ்நெய்மன் துடைக்கிற துணியைக் கையில் ஏந்தியபடி நின்றார்.

"ஹெஸ்டர்! குழாய் இங்கயே இருக்கே!"

"இருக்கட்டும்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

வருஷா வருஷம் விடுமுறைக்குக் கேரவனோடு வந்து தங்குகிற அந்தக் கடற்கரைப் பூங்காவின் பொதுக் கழுவுமிடம் மரங்களுக்கு அந்தப் பக்கம், குளியலறைகளையும் தாண்டி இருந்தது. போன டிசம்பரில் இதே டப்போடு அங்கிருந்து திரும்பியவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வயசாகுது டாவி. இதைத் தூக்கிக்கிட்டு இவ்ளோ தூரம் நடக்க முடியல" என்றாள். சொன்னது அவ்வளவுதான். டாவிக்கு அது போதும். சொந்த ஊரான குரோன்ஸ்டாட்டில் இரும்புக் கடைக் கவுன்ட்டரில் நின்று ஓய்வுபெறும்வரை ஊருக்கே குழாயும் வாஷரும் விற்றவர். விற்கத் தெரிந்தவனுக்கு மாட்டத் தெரியாதா என்று சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கினார்.

வருஷம் முழுக்க வேலை நடந்தது. கூரையின் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ஒரு சொட்டு மழை இறங்காதபடி புதுசாய்ப் பூசினார். சக்கரங்களைக் கழற்றி பேரிங்குக்கு கிரீஸ் வைத்தார். மெத்தைக்கு உயர்ந்த ஸ்பாஞ்சு வாங்கினார். பிறகு ஜன்னலுக்குக் கீழே எஃகுத் தொட்டி, தரைக்கு அடியில் தண்ணீர் டாங்க், அதற்கொரு மோட்டார், எல்லாவற்றுக்கும் ராஜாவாக ஒரு கேஸ் கெய்சர். குழாயைத் திறந்தால் குப்பென்று பற்றிக்கொண்டு சுடுதண்ணீர் கொட்டும். கடற்கரைக்கு வரும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க் விடாமல் நிறுத்தி, கண்ணில் பட்டவர்களை எல்லாம் உள்ளே அழைத்துக் காட்டினார். ஒரு லாரிக்காரர் காற்றடிக்க வந்ததையே மறந்து, கெய்சரைப் பாராட்டிவிட்டுப் போனார்.

பாராட்டாதது ஒரே ஓர் ஆள்தான்.

ஹெஸ்டர் புகழ்ச்சியில் மகா சிக்கனக்காரி. கல்யாணமான புதிதில் முதல் தடவையாகக் கடலைக் காட்டியபோதே, "மோசமில்ல" என்றுதான் சொன்னாள். அந்த 'மோசமில்ல'வுக்காகத்தான் டாவி வருஷம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தார். வந்து சேர்ந்த அன்று அவள் குழாய்க்கு அடியில் கையை நீட்டினாள். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள். "சூடாத்தான் இருக்கு" என்றாள். டப்பை எடுத்துக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போனாள்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் இதே கதைதான்.

'சூடு பத்தலை' என்று முடிவுகட்டினார் டாவி. 'சூடாத்தான் இருக்கு'ன்னா என்ன அர்த்தம்? இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாயிருக்கும்னு அர்த்தம். கெய்சரின் திருகை மறுகோடி வரைக்கும் திருப்பினார்.

மத்தியானம் அவள் டப்பைத் தேடுவதற்குள் குழாயைத் திறந்துவிட்டார். கேரவனே ஆவியில் மறைந்தது.

"பாத்தியா? பன்னியோட முடியையே இதுல வழிச்செடுக்கலாம்!"

"நான் பன்னி கழுவலையே டாவி. தட்டுதானே கழுவறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து 'சொளக்' என்றொரு சத்தம். கொதிக்கிற தண்ணீரில் பிளாஸ்டிக் வடிகுழாய் இளகித் தொங்கி, மூட்டிலிருந்து கழன்றுவிட்டது. தண்ணீர் நேராகக் கீழ் அலமாரிக்குள் பாய்ந்தது. அங்கேதான் ஹெஸ்டர் வீட்டிலிருந்து சுட்டுக் கொண்டுவந்த ரஸ்க் டப்பா, மூடியில்லாமல் திறந்திருந்தது.

ரஸ்க் எல்லாம் கஞ்சியாகிவிட்டது. டாவி ஒன்றைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"எப்படியும் காபில நனைச்சுத்தானே திங்கப்போறோம்?"

ஹெஸ்டர் அவரைப் பார்த்த பார்வையில் ஆவி எல்லாம் அடங்கிவிட்டது. ரஸ்க் டப்பாவையும் நீல டப்பிலேயே வைத்துக்கொண்டு கிளம்பினாள். இந்தத் தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆளைக் காணோம்.

சாயங்காலம் மனசு கேட்காமல் பக்கத்து கேரவன் கோபஸிடம் போனார். பேர்தான் கோபஸ், ஆள் பரம சாது. வருஷா வருஷம் பக்கத்துப் பக்கத்து இடம். பியரைத் திறந்தால் முதல் புட்டி டாவிக்குத்தான். இன்றைக்கு நெருப்பைச் சுற்றி நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டாவியைக் கண்டதும் பேச்சு நின்றது.

"என்ன மச்சான், பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல" என்றார் கோபஸ். பியரும் வரவில்லை, நாற்காலியும் வரவில்லை.

பொறாமைதான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார் டாவி. கெய்சர் வைத்தவனுக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும். அந்த எண்ணம் இரண்டு நிமிஷம் இனித்தது. அதற்குள் ஹெஸ்டர் மறுபடியும் டப்போடு கிளம்புவது கண்ணில் பட்டது.

மறுநாள் வடிகுழாயை மாற்றினார். சூட்டையும் பழையபடி குறைத்தார். இனிமேல் குறை எங்கே என்று யோசித்தபோது, தண்ணீர் வருகிற வேகம்தான் என்று தோன்றியது. பொதுக் குழாயில் தபதபவென்று கொட்டும். இங்கே நூலாக வருகிறது. எந்தப் பொம்பளைக்குப் பிடிக்கும்? டவுனுக்குப் போய்ப் பெரிய மோட்டாராக வாங்கிவந்து மாட்டினார்.

"ஹெஸ்டர், இப்ப திற பாப்போம்!"

"நீயே திற."

தொட்டியில் குழம்புக் கரண்டி ஒன்று கிடந்ததை டாவி கவனிக்கவில்லை. திறந்தார். பாய்ந்த தண்ணீர் கரண்டிக் குழியில் மோதி, அப்படியே எழும்பி வளைந்து, ஜன்னல் வழியாக வெளியே போனது. வெளியே, சரியாக அந்தத் திசையில், கோபஸ் ஆட்டுக்கறித் துண்டுகளையும் சுருள் சாசேஜையும் கம்பிவலையில் பரப்பி, தணல் பக்குவத்துக்கு வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். சாம்பல் புகை மேலே எழுந்தது.

அந்த ஊரில் ஒருத்தன் கேரவனை இடித்தால்கூட மன்னிப்பு உண்டு. அவனுடைய கறி நெருப்பை அணைப்பது வேறு விஷயம். டாவி பதறிக்கொண்டு ஓடினார். கோபஸ் இடுக்கியைப் பிடித்தபடி, சாம்பல் அப்பிய கறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், சத்தியமா தெரியாமப் பண்ணிட்டேன். என்கிட்ட இருக்கிற கறியைத் தர்றேன்..."

"பரவால்ல, விடு" என்றார் கோபஸ். "உன் சுடுதண்ணிக்கு இதுதான் பாக்கி இருந்துச்சு."

சொன்ன விதம் சரியில்லை. ஆனால் இப்போது கோபத்துக்காவது காரணம் இருக்கிறது என்று டாவிக்கு ஒருவகையில் நிம்மதியாக இருந்தது.

திரும்பி உள்ளே வந்தபோது ஹெஸ்டர் டப்பை நிரப்பிக்கொண்டிருந்தாள். கெய்சர் குப்பென்று பற்றியபோது அவள் பார்வை அந்தப் பக்கம் திரும்பியதை, வந்து சேர்ந்த அன்றே டாவி கவனித்திருந்தார். இப்போதுதான் விளங்கியது. பயம்! நெருப்பைக் கண்டு பயப்படுகிறாள், சொல்லத் தெரியவில்லை. அடடா, இவ்வளவுதானா!

கேஸை மூடினார். டாங்குக்குள் ஒரு மின்சாரச் சூடேற்றியை இறக்கினார். வயரை இழுத்து, அந்த வரிசைக்கே பொதுவான மின்கம்பத்துப் பிளக்கில் செருகினார். பயமில்லை, சத்தமில்லை, சுத்தமான சுடுதண்ணீர்.

வரிசை முழுக்கக் கூடாரங்களுக்கு அடியில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கிரிக்கெட், கடைசி விக்கெட், ஜெயிக்கச் சொற்ப ரன். பந்துவீச்சாளர் ஓடிவந்தார். டாவி சுவிட்சைப் போட்டார்.

பந்து கையை விட்டதா இல்லையா என்பது அந்த வரிசையில் யாருக்கும் தெரியாமல் போயிற்று. எல்லா டிவியும் ஒரே நேரத்தில் அணைந்தது. பிறகு அத்தனை ஆண்களும் எழுந்து நின்று, ஒருவர் பாக்கியில்லாமல், டாவியின் கேரவன் பக்கமே திரும்பினார்கள். யார் செய்தது என்று ஒருவர்கூட விசாரிக்கவில்லை.

அவர்கள் திட்டியதைக்கூட டாவி தாங்கிக்கொண்டிருப்பார். இருட்டிய கேரவனுக்குள் நின்றபோது கண்ணில் பட்டதைத்தான் தாங்க முடியவில்லை. ஹெஸ்டர் மேல் அலமாரியைத் திறந்து, அடுக்கியிருந்த தட்டுகளை எடுத்து டப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். கழுவிய தட்டுகள். காலையில் அவள் கையாலேயே கழுவித் துடைத்து வைத்த தட்டுகள்.

"ஹெஸ்டர்... அது சுத்தமாத்தானே இருக்கு?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "தூசி" என்றாள். "கடக்கரையில்ல? தூசி வரும்." அவசரமாக இறங்கிப் போனாள்.

டாவி படியிலேயே உட்கார்ந்தார். அழுக்குத் தட்டை இங்கே கழுவுவதைவிட, சுத்தமான தட்டை அங்கே போய்க் கழுவுவது மேல் என்று நினைக்கிறாள். ஊரெல்லாம் புகழ்ந்து என்ன பிரயோஜனம்? ஒரு வருஷ உழைப்பு. முழங்கால் தேய்ந்தது, கட்டைவிரலில் இன்னும் காயம் ஆறவில்லை. யாருக்காகச் செய்தாரோ அவளுக்கு வேண்டாம். வாழ்க்கையில் இதுவரைக்கும் இதைப்போல ஒரு பொருளைத் தன் கையால் செய்ததில்லை என்ற பெருமிதம் இன்னும் உள்ளே இருந்தது. அதுதான் அதிகமாக வலித்தது.

எழுந்தார். மோட்டார் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, பெரிய எழுத்தில் 'விற்பனைக்கு' என்று எழுதினார். கேரவனின் முன்கொக்கியில் கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கோபஸ். அவருக்குப் பின்னால் அந்த வரிசை ஆண்கள் எல்லோரும்.

கோபஸ் அட்டையை வாசித்தார். முகம் மலர்ந்தது.

"நெசமாவா மச்சான்? விக்கிறியா?"

"விக்கிறேன். கெய்சரோட சேத்து. இன்னிக்கே யார் கேட்டாலும் குடுத்துடுவேன்."

"நீ நல்லாயிருப்ப!" கோபஸ் கையைப் பிடித்துக் குலுக்கினார். பின்னால் ஒருவர் கைதட்டினார்.

டாவிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏன்டா மச்சான் இப்படி? கறியைக் கெடுத்தேன், தப்புதான். மேட்ச்சையும் கெடுத்தேன். அதுக்காக நான் இடத்தைக் காலி பண்ணினா கைதட்டுவீங்களா? என் வண்டி உங்கள என்ன பண்ணுச்சு?"

"கறி போனா போகுது. மேட்ச்சும் போகட்டும்" என்றார் கோபஸ். "கறிக்கு முன்னாடியே நாங்க உன்கிட்ட பேசலையே, கவனிக்கல? என் பொண்டாட்டி ரெண்டு நாளா எனக்குக் காபியே போடல. இதோ நிக்கிறானே, இவன் பொண்டாட்டி ஆத்தா வீட்டுக்குப் போறேன்னு பெட்டி கட்டிட்டா."

"அதுக்கும் எனக்கும் என்னடா சம்பந்தம்?"

கோபஸ் மரங்களுக்கு அப்பால், கழுவுமிடத்தின் பக்கமாகக் கையை நீட்டினார். அங்கே பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள்.

"தங்கச்சி வேளாவேளைக்கு அங்க வந்து, கழுவின தட்டையே மறுபடியும் கழுவிக்கிட்டு, 'எங்க டாவி தன் கையால வெச்ச குழாயத் திறந்தா சுடுதண்ணி கொட்டுது, எனக்கு இங்க வர வேண்டிய வேலையே இல்ல'ன்னு பூங்காவுல ஒரு பொம்பள விடாம சொல்லிக்கிட்டிருக்குது மச்சான்!"