அரைத் திருகு

கிளட்ச் ஸ்பிரிங் துள்ளிப் போய்ச் சுவர்க் கடிகாரத்தில் அடித்தபோது மணி நாலேகால். அதன்பிறகு அந்த வீட்டில் மணி நாலேகாலாகவே இருந்தது.

புரூஃப்காரர் ஹாலின் நடுவில் சம்மணமிட்டபடி கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். எதிரே அவருடைய பழைய மோட்டார் சைக்கிள், வயிற்றைத் திறந்து போட்ட நிலையில். ஒரு கையில் ஸ்பானர். மறுகையில், வண்டி வாங்கிய காலத்தில் அதோடு வந்த கையேடு. ‘ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றவும்’ என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. அந்த வரியில் ஒற்று ஒன்று விட்டுப்போயிருந்ததால் பேனா எடுத்து அதைச் சேர்த்தார். சேர்த்த சந்தோஷத்தில் அழுத்திப் பிடிப்பதை விட்டுவிட்டார்.

அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற பின்னும் தெருவில் அந்தப் பெயர்தான். நாள் முழுக்க வாய் திறக்காமல் வாசித்துப் பழகிவிட்டதால் வீட்டுக்கு வந்தும் திறக்க மறந்துவிடுவார். மனைவி பத்து வார்த்தை பேசினால் இவர் பதிலுக்கு ஒன்று பேசுவார். அதுவும் பெரும்பாலும் ‘ம்’.

அந்த மனைவி பதினோரு மாதமாக வீட்டில் இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்ததும் மூன்று மாத ஒத்தாசைக்கு என்று போனாள். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, எழுந்து நின்றது. ஒவ்வொன்றுக்கும் அவள் அங்கே தேவைப்பட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"அப்பா, அம்மா வெள்ளிக்கிழமை அங்க வர்றாங்க. நாலு நாள் இருந்து துணிமணியெல்லாம் எடுத்துட்டு வந்துடுவாங்க. இனிமே எங்ககூடவே இருக்கட்டும்னு பார்க்கிறோம்."

"ம்."

"அவங்களுக்கும் வயசாகுதுல்ல? அங்க இருந்தா கடைக்குப் போயிட்டு வந்தாக்கூட உங்க வண்டியை ஏத்தத்துல தள்ளணும். பாவம்ப்பா."

"அம்மா என்ன சொல்றா?"

"‘உங்கப்பா என்ன சொல்றார்னு கேளு’ங்கிறாங்க."

புரூஃப்காரருக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அவளை அனுப்ப முடியாது, அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று. "உங்க இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகு அந்தப் போனிடம், "அவளை இங்கயே இருக்கச் சொல்லு" என்றார். போன் பாவம், அது என்ன செய்யும்?

ஆனால் குற்றவாளி யார் என்று பிடிபட்டுவிட்டது. கிளட்ச்!

ஸ்டேஷன், கடைவீதி எல்லாம் கீழே. வீடு மேலே. நடுவில் ஓர் ஏற்றம். தனியாக வந்தால் வண்டி முனகிக்கொண்டே ஏறிவிடும். பின்னால் அவள் உட்கார்ந்திருந்தால் பாதி ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்தும், சக்கரம் அசையாது. "இறங்கிக்கோ" என்பார். எஞ்சினை அணைத்துவிட்டு இவர் ஹேண்டிலைப் பிடிக்க, அவள் பின்னாலிருந்து ஒரு கை கொடுப்பாள். இருபத்தாறு வருஷமாக இதே கதை. இவருக்கு அவமானம் ஒரு பக்கம், மூச்சிரைப்பு ஒரு பக்கம். இரண்டையும் மறைக்க எதையாவது பேசிக்கொண்டே தள்ளுவார். அச்சக மேனேஜர் யாரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார், கல்யாணப் படத்துக்குக் கீழே இரங்கல் செய்தி போகவிருந்ததை இவர் எப்படிக் கடைசி நிமிஷத்தில் பிடித்தார், சின்ன வயசில் என்ன ஆக ஆசைப்பட்டார் என்று எல்லாம் வரும். உச்சிக்கு வந்து வண்டி கிளம்பியதும் வாய் மூடிக்கொள்ளும்.

அவளை இப்படி நடக்கவைத்த பாவம்தான் இப்போது பழிவாங்குகிறது என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை அவள் ஸ்டேஷனில் இறங்கி, பின்னால் ஏறி, கால் தரையில் படாமல் வீடு வந்து சேர வேண்டும். அப்படி வந்துவிட்டால் போக மனசு வராது.

திங்கட்கிழமை காலையிலேயே ஏற்றத்தின் அடியில் இருக்கும் மெக்கானிக் பட்டறைக்குப் போனார்.

"கிளட்ச்சை மொத்தமாப் பிரிச்சு புதுசு போடணும். வியாழக்கிழமைக்குள்ள."

மெக்கானிக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான். "இப்ப எதுக்கு சார் அதெல்லாம்? அம்மா வரட்டும்."

"கிளட்ச்சுக்கும் அம்மாவுக்கும் என்னய்யா?"

"இல்ல சார்... அம்மா வந்தப்புறம் பார்த்துக்கலாமே."

புரூஃப்காரருக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டியைக் கேட்காமல் ஒரு நட்டு கழற்றக்கூட வக்கில்லாதவன் என்று நினைத்துவிட்டானா? பட்டறை திறந்த நாளிலிருந்து இவன்தான் சரிபண்ணுகிறான். பண்ணிக் கொடுத்த அன்றைக்கே வண்டி ஏற்றத்தில் நிற்கும். இவனெல்லாம் ஒரு மெக்கானிக்!

"தட்டு, ஸ்பிரிங் எல்லாம் குடு. நானே மாட்டிக்கிறேன்."

"சார், அது வந்து..."

"குடுய்யா!"

இப்படித்தான் வண்டி ஹாலுக்குள் வந்தது.

‘முதலில் எண்ணெயை வடிக்கவும்’ என்பது கையேட்டில் அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திருப்புவதற்குள் இவர் மூடியைத் திறந்துவிட்டார். எண்ணெய் ஹால் முழுக்கப் பரவியது. சேர்த்துவைத்திருந்த பழைய புரூஃப் தாள்களை விரித்துப் பார்த்தார். ஒட்டிக்கொண்டன. சோப்புத் தூளைக் கொட்டித் தேய்த்தார். தரை பளபளவென்று ஆனது. அதில் காலை வைத்தவர் சமையலறை வாசல்வரை வழுக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அந்த வண்டிகூட அத்தனை வேகம் போனதில்லை.

புதுத் தட்டுகளை மாட்டுவதற்கு முன் எண்ணெயில் ஊறவைக்க வேண்டுமாம். அகலமான பாத்திரமாக வீட்டில் இருந்தது மனைவி பால் காய்ச்சும் பாத்திரம் ஒன்றுதான். ஊறவைத்தார். பிறகு எத்தனை தேய்த்தும் அதன் வாசனை போகவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் குடித்த காபியைக் குடித்திருந்தால் வண்டியே ஓடியிருக்கும்.

கிளட்ச் கேபிளைக் கழற்றும்போது இன்னொன்றைக் கவனித்தார். கேபிள் நுனியில் இருந்த நட்டின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு புள்ளி. கையேட்டுப் படத்தில் அப்படி எதுவும் இல்லை. இருக்கக் கூடாத இடத்தில் புள்ளியைக் கண்டால் புரூஃப்காரருக்குக் கை சும்மா இருக்காது. பிளேடால் சுரண்டி எடுத்தார். நட்டும் கையேட்டில் உள்ள அளவைவிட அரைத் திருகு கூடுதலாக இறுகியிருந்தது. அப்படி இறுகினால் பாரத்தோடு ஏறும்போது கிளட்ச் நழுவும் என்று கையேடு எச்சரித்தது. மெக்கானிக்கை மனதுக்குள் நன்றாகத் திட்டினார்.

புதன்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். ஹாலிலேயே உதைத்துக் கிளப்பினார். கிளம்பியது. கிளட்ச்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கியரைப் போட்டார். பிடித்த பிடி பிடித்தபடிதான் இருந்தது. வண்டி அதைச் சட்டை பண்ணவில்லை. அவரையும் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் பாய்ந்து, மனைவியின் துணி அலமாரியில் முட்டிக்கொண்டு நின்றது.

அலமாரிக் கதவு திறந்துகொண்டது. மடித்து வைத்திருந்ததெல்லாம் அவர் தலைமேல் சரிந்தது. அவளுடைய நீலச் சால்வை கழுத்தில் வந்து விழுந்தது. பதினோரு மாதமாகியும் அதில் அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை அப்படியே இருந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. துணிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தார். அவளை எத்தனை தேடியிருக்கிறார் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. காலையில் இரண்டு டம்ளர் எடுத்து ஒன்றைத் திரும்ப வைப்பதும், படுக்கையில் தன் பாதியிலேயே சுருண்டு படுப்பதும், அவள் பேசிக்கொண்டே இருப்பாளே அந்தச் சத்தமில்லாமல் பேப்பர் படிக்க ஓடாததும் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கண் கலங்கியது. புகை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"சார்! உயிரோட இருக்கீங்களா?"

மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா வாசலில் நின்றாள். அளவு நாடா கழுத்தில், கத்தரிக்கோல் கையில்.

"ம்" என்றார் புரூஃப்காரர், சால்வைக்குள்ளிருந்து.

அவள் வண்டியையும் அலமாரியையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எண்ணெய்த் தரையில் பார்த்துப் பார்த்து நடந்துபோய்க் கையேட்டை எடுத்துப் படத்தில் விரலை ஓட்டினாள். துணி வெட்டப் படம் பார்த்துப் பழகிய கண்.

"சார், லீவரை அழுத்தினா கம்பி இந்த இரும்புக் குண்டைத் தள்ளும், குண்டு தட்டைத் தள்ளும்னு போட்டிருக்கு. குண்டு எங்க?"

குண்டு இல்லை. கடலை அளவுக்கு ஒரு குண்டு. கட்டிலுக்கடியில், அலமாரிக்கடியில், பால் பாத்திரத்தில், எங்கும் இல்லை. தையல்காரம்மா மேலே போய், சிந்தின ஊசிகளைப் பொறுக்கும் காந்தத்தைக் கொண்டுவந்தாள். அதைத் தரையோரமாக ஓட்டிக்கொண்டே வந்தவள் புரூஃப்காரரின் காலருகில் நின்றாள். டொக்கென்று ஒட்டியது.

"சார், உங்க பேன்ட் மடிப்புலயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுறீங்களே!"

மறுபடியும் பிரித்தார். இந்தத் தடவை எதையும் திருத்தாமல் வரிக்கு வரி படித்து மாட்டினார். கேபிள் நட்டையும் கையேட்டில் சொன்ன அளவுக்கே வைத்தார்.

வியாழக்கிழமை ஒத்திகை. பின் ஸீட்டில் ஒரு மணல் மூட்டையைக் கட்டினார்.

"அம்மா இவ்ளோ கனமா? வரட்டும், சொல்றேன்" என்றாள் தையல்காரம்மா.

ஏற்றத்தின் பாதியில் பழக்கதோஷத்தில் மூட்டையிடம், "இறங்கிக்கோ" என்றார். இறங்க அவசியமே இல்லை. வண்டி வெண்ணெயாக ஏறியது. உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தார். மணல் மூட்டைதான் இருந்தது. நாளைக்கு அவள் இருப்பாள்.

வெள்ளிக்கிழமை அவள் ரயிலிலிருந்து இறங்கினாள். கையில் ஒரே ஒரு சின்னப் பை. கொஞ்சம் இளைத்திருந்தாள். சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "வந்துட்டியா?" என்றார்.

"பார்த்தா எப்படித் தெரியுது?" என்று சிரித்துக்கொண்டே பின்னால் ஏறினாள். தோளில் கை வைத்தாள். அந்தக் கையின் கனத்தில் அவருக்கு வழியே தெரியவில்லை.

ஏற்றம் வந்தது. பாதி வழியில் அவள் தானாகவே ஒரு காலைத் தூக்கி இறங்கத் தயாரானாள்.

"இறங்கணுமா?"

"வேணாம்" என்றார், கம்பீரமாக.

நாற்பது விநாடியில் வீட்டு வாசல். அவள் இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"சரி பண்ணிட்டீங்களா?"

"ம். நானே."

"நல்லா ஓடுது" என்றாள். யார் வீட்டு வண்டியையோ பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

கடிகாரம், அலமாரி, பால் பாத்திரம் எதற்கும் அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும், "செவ்வாய்க்கிழமை காலையில வண்டி. டிக்கெட் போட்டாச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்டைவரை வந்தது. "சரி" என்றார்.

மறுநாள் காலை கடைக்குப் போய்வருகிறேன் என்று தனியாக நடந்தே கிளம்பிப் போனாள். புரூஃப்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கோ ஒரு பிழை விட்டுப்போயிருக்கிறது. ஸீட் உறுத்தியிருக்குமா? சத்தம் அதிகமோ? தான் திருத்தியதை இன்னொரு கண் பார்ப்பதுதான் தொழில்முறை. ரோஷத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக் ஸ்பானரோடு தயாராக நின்றான், இவருக்காகவே காத்திருந்ததுபோல.

"வண்டி நல்லாத்தான் ஓடுதுய்யா. ஆனா அவளுக்குப் பிடிக்கல. என்ன குறைன்னு பாரு."

மெக்கானிக் குனிந்து கேபிள் நட்டைப் பார்த்தான். விரலால் தடவிப் பார்த்தான். நிமிர்ந்து தலையைச் சொறிந்தான்.

"அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வெச்சிருந்தேனே சார், சுரண்டிட்டீங்களா?"

"ஆமா. நட்டும் அரைத் திருகு அதிகமா இறுகியிருந்தது. உன் லட்சணம்!"

"இருபத்தாறு வருஷமா அம்மா சொல்லித்தான் சார் இறுக்கிட்டிருக்கேன், இப்பக்கூட வந்து, ‘சாயங்காலம் அவரைக் கடைவீதிக்குக் கூட்டிட்டு வரேன், திரும்புறப்ப ஏத்தத்துல வண்டி நிக்கணும், என்னை இருன்னு ஒரு வார்த்தை சொல்றதா இருந்தா அந்த மனுஷன் அங்கதான் சொல்லுவாரு’ன்னுட்டுப் போறாங்க."