மேல் நூல் சிவப்பு, அடி நூல் பச்சை

சிவகாசி,
19-11-1958

விருதுநகர் மிளகாய் மண்டி மைத்துனர் இராமகிருஷ்ணன் அவர்களுக்கு அய்யாதுரை அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும், உங்கள் தங்கை பத்திரகாளியும், மகள் பொன்னுத்தங்கமும் சுகம். அவ்விடம் அனைவரும் தும்மலில்லாமல் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நிற்க.

நீங்கள் தங்கைக்கு வாங்கிக் கொடுத்த தையல் மெஷின் சுத்த மோசம். பொன்னுத்தங்கத்துக்கு நிச்சயித்த மாப்பிள்ளைக்கு ஊட்டியில் வேலை. அந்தக் குளிருக்குச் சீரோடு ஒரு பஞ்சுப் போர்வையும் வைக்கிறோம், அதையும் எங்கள் வீட்டிலேயே தைக்கிறோம் என்று சம்பந்தியம்மாளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அந்தம்மா வெள்ளிக்கிழமை சீர் பார்க்க வருகிறார். பார்த்ததை ஊர் முழுக்கச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. தீபாவளி சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வேலை இல்லை. அதனால் போர்வையை நானே பொறுப்பேற்றேன்.

முதல் தகராறு நூலில். போர்வையின் மேல்துணி பல வண்ண ஒட்டுத் துண்டு. எல்லா வண்ணத்தோடும் அடங்கிப்போகும் என்று உங்கள் தங்கை சாம்பல் நிற நூலை எடுத்தாள். கல்யாணச் சீரில் சாம்பலா? காசு கொடுத்த நூல் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? நம் வெடிப் பாக்கெட்டின் லேபிள் பத்தடி தூரத்தில் ஆளை இழுக்கிறதே, அது அடங்கிப்போகிற வண்ணத்தாலா? மேல் நூல் சிவப்பு, அடி நூல் பச்சை என்று உத்தரவு போட்டுவிட்டு நானே மெஷினில் உட்கார்ந்தேன்.

ஊசிக்குப் பக்கத்தில் துணியை அமுக்க ஒரு இரும்புப் பாதம் இருக்கிறது. அதைத் தூக்கியே வைத்தேன். உடனே உங்கள் தங்கை, "அதத் துணி மேல எறக்குங்க, அப்பத்தான் நூலு பிடிக்கும்" என்றாள். "ஏட்டி, முப்பது வருசமா வெடிமருந்தோட பொழங்குறவன் நான். இரும்ப எது மேலயும் அமுக்கி ஒரசிப் பொறி பறக்க விடுவேனா? சும்மா இரு" என்றேன். அன்றிலிருந்து சும்மா இருக்கிறாள். துணி தானாக நகராததால் கையாலேயே தள்ளித் தள்ளித் தைத்தேன். மேலே பார்த்தால் தையல் அழகு; திருப்பிப் பார்த்தால் அடியில் சிவப்பு நூல் சேவல் கொண்டை மாதிரி கொத்துக் கொத்தாக நிற்கிறது. நூல் தளர்ச்சி, வேறென்ன? நூலை இறுக்கும் திருகை ஒரு சுற்று சுற்றினேன். கொண்டை குறையவில்லை. நாலு சுற்று. எட்டுச் சுற்று. இனிச் சுற்ற இடமில்லை என்று திருகே நின்றுவிட்டது. இருநூறு பேர் வேலை செய்கிற கம்பெனியில் நான் இறுக்கு என்றால் திரி இறுகும். இந்த ஒரு திருகு என்னை மதிக்கவில்லை மச்சான்! மூன்று நாளாகிறது. ஊசி மூன்று ஒடிந்தது. மகள், "அப்பா, அத்தை வாறதுக்குள்ள அம்மாகிட்ட குடுத்துருங்க" என்று அழுகிறாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். நாளைக்கு அவள் ஊட்டியில் தலைநிமிர்ந்து குடித்தனம் பண்ண வேண்டுமே.

ஆகையால், கடிதம் கண்டதுமே ஆள் அனுப்பி இந்த மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும். வரும் ஆளிடம் கடைப் போர்வை ஒன்று கொடுத்தனுப்பவும். விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு அனுப்பவும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதத்தையும் சொல்லவும். கடிதத்தைத் தபாலில் சேர்க்க உங்கள் தங்கையிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
அய்யாதுரை

பின்குறிப்பு: அண்ணாச்சிக்குப் பத்திரகாளி எழுதுவது. கடிதத்தைப் படித்தேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை. பாதத்தை இறக்காமல் திருகை எத்தனை சுற்று சுற்றினாலும் அது நூலைப் பிடிக்காது. ஊசியும் இரும்புதான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சும்மா இருக்கச் சொல்லியிருந்தார். இன்று அவர் மத்தியானம் தூங்குகையில் பாதத்தை இறக்கினேன். அவர் இறுக்கிய இறுக்கத்தில் நூல் பட்டென்று அறுந்தது. எட்டுச் சுற்றையும் தளர்த்தி, எல்லாவற்றையும் பிரித்து, சாம்பல் நூலில் தைத்து முடித்துவிட்டேன். எழுந்து பார்த்தவர் நூலின் நிறத்தைக்கூடக் கவனிக்காமல், "பாத்தியா, கடைசியில என் சொல்லுக்குக் கட்டுப்பட்டுருச்சு" என்கிறார். கடிதத்தைக் கிழிக்க மறந்துவிட்டார். நீங்கள் படிக்கட்டும் என்று நான் அனுப்புகிறேன். ஆளை மட்டும் தவறாமல் அனுப்புங்கள். மெஷின் இங்கேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை முடியும்வரை இவரைக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் மிளகாய் மண்டியில் உட்கார வையுங்கள்.