ரிவால்வர் ரைட்டரின் டபுள் ஆக்‌ஷன்

நான் ஆம்பூரில் வேலை பார்த்த காலத்தில் தோல் பதனிடும் எங்கள் ஷாப்புப் பக்கம் திருடர்கள் எட்டிப் பார்த்ததே கிடையாது. போலீசுக்குப் பயந்து அல்ல, எங்கள் ரிவால்வர் ரைட்டருக்குப் பயந்துதான். அவர் சுட்டுவிடுவார் என்ற பயமும் அல்ல. பிடித்து உட்கார வைத்து, ரிவால்வர் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஆரம்பித்துவிடுவார் என்ற பயம். அதற்கு ஜெயிலே தேவலை என்று அத்தனை திருடர்களும் தொழிலைக் குடியாத்தத்துக்கு மாற்றிக்கொண்டு விட்டதாக ஊரில் பேச்சு.

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் அதை உபயோகித்ததில்லை. தோல் ஷாப்பில் கணக்கு எழுதுகிறவரை ரைட்டர் என்பார்கள். எங்கள் ரைட்டர் வேலூருக்குப் போய்க் கூலிப் பணத்தை ரயிலில் கொண்டுவர வேண்டியிருந்ததால், முதலாளி சாயபு லைசென்ஸ் எடுத்து ஒரு பழைய ரிவால்வரையும் வாங்கி அவர் கையில் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த பித்து, மனுஷனை விடவே இல்லை.

ஆள் குச்சி. இடுப்பிலிருந்து அந்த இரும்பைக் கழற்றி வைத்துவிட்டால் பாலாற்றங்கரைக் காற்று அவரைக் காட்பாடி வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எங்கள் ஷாப்பில் பதனிட்ட எருமைத் தோலில் அவரே படம் வரைந்து கொடுத்துத் தைத்த உறை, முழங்காலைத் தாண்டித் தொங்கும். நடக்கும்போது உறை ஒரு பக்கம் ஆடும், ரைட்டர் மறுபக்கம் ஆடுவார்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தால் பிரசங்கம் ஆரம்பம். டிபன் டப்பாவைத் திறந்தவர்கள் தப்ப முடியாது.

“சிங்கிள் ஆக்‌ஷன்னா இன்னா தெரியுமா? ஒவ்வொரு வாட்டியும் கட்டை வெரலால ஹாமரை, அதான் குண்டை அடிக்கிற சுத்தியை, தூக்கி வெக்கணும். அப்புறம்தான் ட்ரிக்கரை இழுக்கணும். டபுள் ஆக்‌ஷன்ல அந்தப் பேஜாரே கெடையாது. ட்ரிக்கரை மட்டும் இழு. குண்டு இருக்கிற சிலிண்டர் தானா சுத்தும், ஹாமர் தானா எழுந்துக்கும், தானா அடிக்கும். ஒரே இழுப்புல ரெண்டு வேலை!”

இதைச் சொல்லும்போது என் முறுக்கு சிலிண்டராகிவிடும். பக்கத்து டப்பா வெண்டைக்காய் குழலாகிவிடும். பிரசங்கம் முடிவதற்குள் இரண்டையும் அவரே சாப்பிட்டிருப்பார்.

ரிவால்வரில் எத்தனை ஜாதி உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி. நடுவில் மடங்கித் திறப்பது ஒன்று, சிலிண்டர் மட்டும் பக்கவாட்டில் வெளியே வருவது ஒன்று, சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஹாமரை உள்ளுக்குள்ளேயே ஒளித்து வைத்திருப்பது ஒன்று. மனிதர்களையும் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்.

“நம்ம சாயபு சிங்கிள் ஆக்‌ஷன்ப்பா. யாராச்சும் தூக்கி விட்டாத்தான் கோவம் வரும். என் சம்சாரம் டபுள் ஆக்‌ஷன். மேஸ்திரி இருக்கிறானே, அவன் ஹாமர் உள்ளே இருக்கிற ரகம். வெடிக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது.”

“நான் எந்த ரகம் சார்?” என்று ஆசையாகக் கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ உறை.”

ஒரு தடவை ரயிலில் முரட்டு மீசைக்காரன் ஒருவன் அவருடைய பணப்பையையே முறைத்துக்கொண்டு வந்தானாம். ரைட்டர் ரிவால்வரை உருவினார். மிரட்டுவதற்கு அல்ல, காட்டுவதற்கு. லத்தேரி ஸ்டேஷனில் ஆரம்பித்த விளக்கம் சிலிண்டர் பூட்டைத் தொடுவதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிட்டது. மீசைக்காரன் ஆம்பூர் டிக்கெட்டோடு அங்கேயே இறங்கி, தண்டவாளத்தோரமாக நடந்து வந்து சேர்ந்தான்.

“நீங்க ஒரு வாட்டியாவது சுட்டிருக்கீங்களா சார்?” என்று கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

“சுடறதுக்கு இன்னா? வெரல் இருக்கிறவன் எல்லாம் சுடுவான். புரிஞ்சிக்கிறவன் எத்தனை பேரு?”

இப்படி இருக்கையில்தான் கரடி வந்தது.

தோல் பதனிட ஆவாரம் பட்டை வேண்டும். அதை மலை மாதிரிக் குவித்து வைக்கும் கிடங்கின் விட்டத்தில் ஒரு பெரிய தேன்கூடு இருந்தது. ஏலகிரிப் பக்கமிருந்து இறங்கிய கரடி ஒன்று, பட்டப்பகலில், கிடங்கின் பின்சுவர் இடிந்திருந்த இடத்தின் வழியாக உள்ளே நுழைந்துவிட்டது. உள்ளே பட்டை இடித்துக்கொண்டிருந்த பெண்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். முனியம்மா மட்டும் பயத்தில் வழி தெரியாமல் பட்டைக் குவியலின் மேல் ஏறிவிட்டாள். தேன்கூடு அந்தக் குவியலுக்கு நேர் மேலே. கரடியும் அதே குவியலில்தான் ஏற வேண்டும்.

நாங்கள் தடியும் கம்புமாக வாசலில் நின்று சத்தம் போட்டோம். ஒருவரும் உள்ளே போகவில்லை. சாயபு தலையில் அடித்துக்கொண்டார்.

“அட, ரைட்டரைக் கூப்புடுங்கய்யா! எதுக்கு அவருக்குத் துப்பாக்கி?”

ரைட்டர் ஆடி ஆடி வந்தார். கூட்டம் வழிவிட்டது. உறையின் மூடியைத் திறக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கிடங்கு வாசலை ஒட்டி, தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி ஒன்று. அதன் ஓரத்தில் நின்று ரிவால்வரை நீட்டினார். நீட்டியவர் என்ன நினைத்தாரோ, “இரு, குண்டு இருக்குதான்னு பாத்துக்கிறேன்” என்று அதை மடக்கித் திறந்தார். நடுவில் மடங்குகிற ரகம் அது. திறந்த வேகத்தில் உள்ளிருந்த குண்டுகள் அத்தனையும் எகிறித் துள்ளி, சுண்ணாம்புக் குழிக்குள் ‘புளுக் புளுக்’ என்று விழுந்து மறைந்தன.

கூட்டம் குழிக்குள் எட்டிப் பார்த்தது.

ரைட்டர் எங்கள் பக்கம் திரும்பினார். அந்த நேரத்திலும் முகத்தில் ஒரு பெருமை. “பாத்தீங்களா? ஒண்ணுகூட உள்ளே தங்கல. தெறந்தா தானா வெளியே தள்ளிடும்!”

“ரைட்டரய்யா, கரடி ஏறுது!” என்று உள்ளிருந்து முனியம்மா கத்தினாள்.

காலி ரிவால்வரை மூடினார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். நாங்கள் “சார், சார்” என்று கூப்பிடக் கூப்பிட உள்ளே போய்விட்டார்.

கரடி பாதிக் குவியல் ஏறியிருந்தது. ரைட்டர் அதன் பின்னாலேயே பட்டையில் சறுக்கிச் சறுக்கி ஏறி, ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், முனியம்மாவுக்கும் அதற்கும் நடுவில் நின்றுவிட்டார். விசையை இழுத்தார். டக். மறுபடியும் டக்.

“த பாரு,” என்று கரடியிடம் ஆரம்பித்தார். “இது டபுள் ஆக்‌ஷன். ட்ரிக்கரை இழுத்தா சிலிண்டர் தானா சுத்தும். டக்! சுத்துச்சா? ஹாமர் எழுந்துச்சா?”

கரடி எழுந்து நின்றது. ரைட்டரை விட ஒரு சாண் உயரம் ஜாஸ்தி.

“சிங்கிள் ஆக்‌ஷனா இருந்தா நான் கட்டை வெரலால தூக்கணும்…”

அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. முனியம்மா மறுபக்கமாகச் சறுக்கி விழுந்து, எழுந்து, வாசலுக்கு ஓடிவந்தாள். பின்சுவர் வழியாகத் திரும்பிப் போய்விடலாமே என்று கரடிக்கு ஏன் தோன்றியதென்று எனக்குத் தெரியாது. போகிற போக்கில் ரைட்டரைச் சுற்றிக்கொண்டு உச்சிக்குத் தாவி, ஒரே அடியில் தேன்கூட்டில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. கூட்டம் போட்ட சத்தம்தான் காரணம் என்றார் மேஸ்திரி. அந்தப் பிரசங்கத்தை எந்த ஜீவன்தான் தாங்கும் என்றோம் நாங்கள். மீதிக் கூட்டிலிருந்த தேனீக்கள் எல்லாம் ரைட்டர் மேல் இறங்கின.

கம்பளியைப் போர்த்தி வெளியே இழுத்து வந்தோம். இரண்டு தடவை முயன்றும் அவரால் ரிவால்வரை உறைக்குள் விட முடியவில்லை. நான்தான் வாங்கி வைத்தேன்.

“காலித் துப்பாக்கியை எடுத்துக்கிட்டு எதுக்கு சார் போனீங்க?”

“வெளியவே நின்னிருந்தா அவ கத்தறது கேட்டுக்கிட்டே இருக்கும்பா,” என்றார். பிறகு மெதுவாக, “ரொம்பப் பயமா இருந்துச்சு. வேற இன்னா பேசறதுன்னே தெரியல.”

தேனீ கொட்டியதில் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. உதட்டைத் திறக்க முடியவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக எங்கள் தோல் ஷாப்பில் அமைதியாகச் சாப்பிட்டோம். முதல் நாள் அது சொர்க்கமாக இருந்தது. மறுநாள் சோறு இறங்கவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“சார், ஹாமர் உள்ளே ஒளிஞ்சிருக்கிற ரகம் எப்படி வேலை செய்யுது?”

வீங்கிய கண்களுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். பேச முடியாததால், கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பொறுமையாகக் காட்ட ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.