குற்றாலத்தில் நனையாத இரண்டு பேர்

குற்றாலத்துக்குப் போய் மூன்று நாள் வெந்நீரில் குளித்தவன் நான். அதுவும் ஆனி மாதச் சாரலில், அருவி கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தபோது. இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. அப்போது அது உயிர் போகிற ரகசியம்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்தேன். வைகாசியில் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி வடிவுக்கு வீரகேரளம்புதூர். எனக்குப் பதினாறு வயதிலிருந்து வலிப்பு உண்டு. டாக்டர் ராத்திரிக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார். தவறாமல் விழுங்கினால் அது என் பக்கமே வராது. பெண் வீட்டாரிடம் இதை நாங்கள் மூச்சுவிடவில்லை. ("சொன்னா எவன்லே பொண்ணு குடுப்பான்? பேசாம தாலியக் கட்டு" என்பது என் அம்மாவின் உத்தரவு.) மாத்திரையைப் பல்பொடி டப்பாவில் ஒளித்துவைத்து, பல் தேய்க்கிற சாக்கில் தின்றுவந்தேன். ராத்திரியிலும் பல் தேய்க்கிற சுத்தக்கார மாப்பிள்ளை என்று வடிவு ஊருக்கே கடிதம் எழுதியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் என் மாமனார் வந்து, "மாப்ளே, சாரல் விழுது. எல்லாரும் குற்றாலத்துல மூணு நாள் இருந்துட்டு வருவோம்" என்றார். அவர் விதைக்கடை வைத்திருந்தவர். நாலு பேர் நடுவில் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வாய் திறக்க இடம் இருக்காது.

விஷயம் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் அருவியில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். மகா புத்திசாலியான நான் முதலாவதைக் கேட்டேன், இரண்டாவதை விட்டேன். எல்லார் பெட்டியும் ஒரே அறையில் கிடக்கும், டப்பாவை யாராவது திறந்துவிட்டால்? மூன்று நாள்தானே என்று அதைத் தென்காசியிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

முதல் நாள் அருவிக்கரையில் மாமனார், "போங்க மாப்ளே, குளிங்க" என்றார்.

"தடுமனா இருக்கு மாமா. நீங்க போங்க."

"எனக்குக் கால் சுளுக்கிக் கெடக்கே. நீங்க சின்னவங்க, போங்க."

இரண்டு பேரும் கரையிலேயே நின்றோம். மறுநாளும் இதே உபசாரம். முதல் நாள் வலது காலை நொண்டியவர் இரண்டாம் நாள் இடது காலை நொண்டினார். என் பொய்யைக் காப்பாற்றுகிற கவலையில் அவர் பொய்யை நான் கவனிக்கவே இல்லை. அறைக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு வாளி வெந்நீர்.

மூன்றாம் நாள் காலை. எண்ணெயாவது தேய்த்துக்கொள்வோம் என்று இருவரும் பலகையில் உட்கார்ந்தோம். தேய்ப்பவர் என் தலையில் கை வைத்தார். எங்கிருந்தோ ரப்பர் கருகுகிற வாடை வந்தது. வலிப்புக்கு முன்னால் வருகிற அந்த வாடையை எனக்குத் தெரியும். "மாமா" என்று சொன்னதுவரை ஞாபகம் இருக்கிறது.

மிச்சத்தைப் பெண்கள் பக்கத்திலிருந்து ஈரத்தலையோடு ஓடிவந்த வடிவு சொல்லித்தான் தெரியும். என் கை கால் வெட்டியிழுக்க, கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சாவிக்கொத்தை என் கையில் திணித்தார். பலாப்பழம் விற்றவர், இரும்புதானே வேண்டும் என்று வெட்டரிவாளையே தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொருவர் வாயில் கரண்டியைச் செருகக் குனிந்தபோது, மாமனார் சுளுக்கையெல்லாம் மறந்து பாய்ந்திருக்கிறார்.

"ஏலே, சாவியத் தூக்கு. இது என்ன பூட்டா, தெறக்கதுக்கு? அருவாளோட அங்கன தள்ளிப் போ. வாய்ல ஒண்ணும் வைக்காதீங்க. எனக்கு இந்த முன்பல்லு ரெண்டும் எப்படிப் போச்சுன்னு நெனைக்கிய? இப்படி ஒரு புண்ணியவான் கரண்டியாலதான்."

என்னை யாரும் அமுக்கிப் பிடிக்க விடவில்லை. தலைக்கடியில் தன் துண்டை மடித்து வைத்து, உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு மூன்று நிமிஷம்தான் ஆனதாம். வடிவுக்கு அது ஒரு பகலாக இருந்தது.

கண் விழித்தேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்தது. எதிரே மாமனார் முகம். அந்த நிலையிலும் என் மூளை செய்த முதல் வேலை இன்னொரு பொய் தயாரித்ததுதான்.

"ராத்திரி தின்ன பரோட்டா ஒத்துக்கல மாமா."

அவர் என்னையே பார்த்தார். "எனக்கும் அந்தப் பரோட்டா பதினெட்டு வருசமா ஒத்துக்கல மாப்ளே" என்று மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். அதே சின்ன வெள்ளை மாத்திரை.

வடிவு அழ ஆரம்பித்தாள். "அப்பாவுக்கு இருக்குன்னு தெரிஞ்சா என்னைய வேண்டாம்னுட்டுப் போயிருவீகளோன்னு கல்யாணத்துலேருந்து எனக்கு ஒறக்கமே இல்ல." பிறகு என் எண்ணெய் வழிகிற முகத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். ஒரு மாதமாக என் நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்தாற்போல் இருந்தது.

"ஒங்க மாத்திரையில ஒண்ணு குடுங்க மாமா" என்றேன்.

"அது தப்பு. அவங்கவங்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான்" என்று அன்றே என்னைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறிவிட்டார்.

டாக்டர் எங்கள் இருவரையும் நிற்கவைத்துத் திட்டினார். "மூளைக்குள்ள ஓடுற மின்சாரம் ஒரு நிமிஷம் தாறுமாறா ஓடுது, அவ்வளவுதான். பேயும் இல்லை, பாவமும் இல்லை, ஒட்டிக்கிற நோயும் இல்லை. கூட இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா பாதி ஆபத்து கிடையாது. வாத்தியாருக்கே இதை நான் பாடம் நடத்தணுமா?"

அதற்குப் பிறகு மாமனார் எதையும் மறைப்பதில்லை என்று விரதமே எடுத்துக்கொண்டார். அதன் பலனைப் பல வருஷம் கழித்து என் மகள் கல்யாணப் பேச்சில் அனுபவித்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியை வாயில் வைக்குமுன் இவர் தொடங்கிவிட்டார்: "எனக்கு வலிப்பு. மருமகனுக்கும் வலிப்பு. என் வீட்டுக்காரிக்கு ஆஸ்துமா. பொண்ணுக்குக் கோவம் வரும்." மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு மூலம் இருக்கு. இது என் வீட்டுக்காரிக்கே தெரியாது" என்றார்.

அந்த இடத்திலேயே தாம்பூலம் மாற்றினோம். இன்றைக்கும் யாராவது, "இந்தச் சம்பந்தம் யார் மூலமா அமைஞ்சது?" என்று வெள்ளந்தியாகக் கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சம்பந்தி மட்டும் எழுந்து, மெதுவாக உள்ளே போய்விடுவார்.