இலவச வயது

மனிதர்களில் சுற்றுலாச் சிக்கனர் என்றொரு இனம் உண்டு. மற்ற நாட்களில் இவர்களைப் பிரித்து அறிய முடியாது. நம்மைப் போலவே பல் தேய்க்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுகிறார்கள். பள்ளி விடுமுறைத் தேதி தெரியவரும் மாலையில் மட்டும் கவனித்துப் பாருங்கள். கண்ணில் ஒரு மினுமினுப்பு ஏறியிருக்கும்.

எங்கே போகலாம் என்று குடும்பம் யோசிக்கும். எங்கே போனால் எதெல்லாம் இலவசம் என்று இவர் யோசிப்பார். முதல் பேருந்தில் கட்டணம் குறைவு என்பதற்காகத் தூங்குகிற பிள்ளைகளுக்குத் தூக்கத்திலேயே சட்டை மாட்டி, இரண்டு பேர் தங்கும் அறையை எடுத்து நாலு பேரை இரண்டு தவணையாக மாடிக்கு ஏற்றி, வாடகையோடு காலைச் சாப்பாடும் சேர்த்தி என்று அறிந்ததும் மூன்று வேளைக்கும் சேர்த்து அங்கேயே ஊட்டி முடித்து, மிச்சமான பன்களை மனைவியின் கைப்பையில் திணித்து, தெருவில் ஜூஸ் கேட்ட பிள்ளையிடம் ரூமில் தண்ணீர் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லி, ஊர் திரும்பும்போது குளியலறை சோப்பையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். சோப்பு பாதி கரைந்திருக்கும். இருக்கட்டுமே.

சிக்கனம் தப்பா? யார் சொன்னது? நானே மூன்று வருடம் மெலிந்த பையோடு ஊர் ஊராகச் சுற்றியவள்தான். பேருந்து நிலையப் பெஞ்சுகளின் நீள அகலம் எனக்கு அத்துப்படி. ஆனால் ஊரைப் பார்ப்பதற்காக மிச்சம் பிடிப்பது வேறு, மிச்சம் பிடிப்பதற்காகவே ஊரைப் பார்க்கப் போவது வேறு. இந்த இரண்டாவது வகையில் முதல்தரமான ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். என் அண்ணன்.

அண்ணன் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஐந்துக்குப் பிறகு ஆறு வரும் என்று வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர். வீட்டிலிருக்கும் சின்ன மகளுக்கு மட்டும் அது வரவே வராது. அவளுக்கு ஆறு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஐந்துக்குக் கீழே இருந்தால்தானே எங்கும் இலவசம்?

இந்த விடுமுறைக்கு ஏரிப் பூங்கா. அங்கே குழந்தைகள் தாங்களே ஓட்டுகிற குட்டிப் படகுகள் உண்டு. ஒருத்தருக்கு ஒரு படகு. அப்பா அம்மா கூடவே வந்து தொந்தரவு செய்ய முடியாது. அந்தப் படகுகளின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து சின்னவள் துணிக்கூடைக்குள் உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங் மாதிரி வளைத்து வளைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். குளிக்கக் கூப்பிட்டால் கரை இன்னும் வரவில்லை என்பாள்.

பேருந்தில் ஒத்திகை நடந்தது. நான் பின் இருக்கையில் இருந்தேன்.

"யாராவது கேட்டா என்ன சொல்லணும்?"

"நாலு."

"அஞ்சு எப்போ?"

"அடுத்த மாசம்."

"போன வருஷமும் அடுத்த மாசம்தான்பா," என்றாள் பத்து வயதுப் பெரியவள், சன்னலைப் பார்த்தபடி.

பாடம் அதோடு நிற்கவில்லை. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்க வேண்டும். முன்பல் இரண்டும் விழுந்திருப்பதால் வாயைத் திறக்கவே கூடாது. யார் என்ன கேட்டாலும் விரலைக் காட்டினால் போதும். அண்ணி மட்டும், இதற்குப் பிள்ளையை மடித்துப் பையிலேயே வைத்துவிடலாமே என்றாள். அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வாசலில் எல்லாம் கச்சிதமாக நடந்தது. நாலு விரல் நீண்டது. இலவசப் பிள்ளைகளுக்கான மஞ்சள் பட்டையை அவள் மணிக்கட்டில் ஒட்டினார்கள். அண்ணன் அங்கிருந்து படகுத்துறை வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

படகுத்துறையில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் மணிக்கட்டுகளைப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். சின்னவளின் முறை வந்தது. அந்தப் பெண் கையை நீட்டி மறித்தாள்.

"மஞ்சப் பட்டைக்குப் படகு கிடையாதுங்க. அஞ்சு முடிஞ்சிருக்கணும்."

"இவளுக்கு ஆறே முடிஞ்சிருச்சு மேடம்."

"பட்டை அப்படிச் சொல்லலையே சார்."

அண்ணன் அசரவில்லை. குனிந்து, வயதைச் சொல்லும்படி மகளிடமே கேட்டார். அவள் அப்பாவைப் பார்த்தாள். நீலச் சட்டையைப் பார்த்தாள். முழங்காலை லேசாக மடக்கி நாலு விரலைக் காட்டினாள்.

"பாப்பா, இப்போ நிஜத்தைச் சொல்லலாம்டா. வாயைத் திற. பல்லைக் காட்டு."

உதடுகள் இன்னும் இறுகின. இவ்வளவு ஒழுங்காகப் பாடம் படித்த பிள்ளை அவருடைய வகுப்பில்கூட இருந்திருக்காது.

வாசலுக்குப் போய் ஒரு டிக்கெட் வாங்கி வந்தால் பட்டையை மாற்றித் தருவார்களாம். ஐந்து நிமிட வேலை. போய் வாங்க என்றாள் அண்ணி. நான் என் பையைத் திறந்தேன். அண்ணன் என் கையைத் தடுத்தார்.

"காசு பெரிசில்லம்மா. வாசல்ல போய் நான் பொய் சொன்னேன்னு சொல்லணுமா? அடுத்த வருஷம் வந்தா ஓட்டிட்டுப் போறா."

அப்போதுதான் சின்னவள் வாயைத் திறந்தாள்.

"அடுத்த வருஷம் எனக்கு எத்தனை வயசுப்பா?"

அழவில்லை. குத்தலும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கணக்கு வாத்தியார் தன் விரல்களைப் பார்த்தார். எங்களைச் சுற்றிக்கொண்டு வரிசை முன்னே போயிற்று.

சட்டென்று அண்ணன் வாசல் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். மனசு இளகிவிட்டது என்று நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கால் மணி நேரம் கழித்து முகம் மலர வந்தார். கையில் டிக்கெட் இல்லை. மஞ்சள் பட்டைக்காரர்களுக்கென்றே பின்னால் ஒரு மணல் தொட்டி இருக்கிறதாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விளையாடலாமாம்.

அண்ணி பெரியவளை அழைத்துக்கொண்டு படகுத்துறையை விட்டு நகர்ந்தாள். சின்னவள் மணல் தொட்டியில், நடக்கப் பழகிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகளுக்கு நடுவே, முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருந்தாள். அவற்றில் ஒன்று அவள் தலையில் மணலைக் கொட்டியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். நாலு வயதில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

என்ன மனிதர் இவர் என்று உச்சுக்கொட்டுகிறீர்கள் அல்லவா? நல்லது. போன விடுமுறையில், ஐந்து வயதுக்குள் இலவசம் என்ற பலகையைப் பார்த்ததும், பக்கத்தில் நின்ற பிள்ளையின் தலையைப் பாசமாகத் தடவுவதுபோல் மெல்லக் கீழே அமுக்கிய அந்தக் கை யாருடையது?