எந்த இஞ்ஞாசி?

“எந்த இஞ்ஞாசி?” என்று கேட்டார் தோணியை ஓட்டும் தண்டல் பர்னபாஸ். “இந்தக் கம்பெனியில மட்டும் ஆறு இஞ்ஞாசி கெடக்கான். பட்டப்பேரைச் சொல்லும்.”

ஆவுடையப்பனுக்குப் பட்டப்பெயர் தெரியாது. தெரிந்த ஒன்றைச் சொல்லவும் கூடாது. பம்பாயில் சமூக சேவைப் படிப்புப் படிக்கிறவன் அவன். மனநோய் ஆஸ்பத்திரியில் குணமாகி வந்தவர்களுக்கு வேலை கிடைக்கிறதா என்பது ஆராய்ச்சி. புரொபசர் கொடுத்த பட்டியலில் பன்னிரண்டு பேர். பதினொரு பேரை எந்த முதலாளியும் வாசற்படிகூட ஏற்றவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டது இந்த இஞ்ஞாசி ஒருவரைத்தான். இவரைப் பார்க்காமல் போனால் ஆவுடையப்பனுக்குப் பட்டம் கிடையாது. ஆஸ்பத்திரி விஷயம் வெளியே வந்தால் இவருக்கு வேலை கிடையாது.

“கொஞ்ச காலம் வெளியூர்ல இருந்துட்டு வந்தவரு, அண்ணாச்சி.”

“கடல்ல போறவன் வெளியூர்ல இல்லாம வீட்டுலயா இருப்பான்?”

“இது சர்க்கார் சம்பந்தப்பட்ட விஷயம்” என்றான் ஆவுடையப்பன், கொஞ்சம் மிடுக்காக.

சொல்லியிருக்கக் கூடாது. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். எந்தத் தோணியின் அடியில் எத்தனை மூட்டை அரிசி ஒளிந்திருந்ததோ, கண்ணை மூடித் திறப்பதற்குள் கரையில் நின்ற இஞ்ஞாசிகளில் ஒருவரையும் காணோம். இரண்டு பேர் நீந்தியே போய்விட்டார்கள்.

“நல்ல விஷயந்தான்! சர்க்கார் உதவி செஞ்சாலும் செய்யும்!” என்று அவர்கள் பின்னால் கத்தினான்.

அதையும் சொல்லியிருக்கக் கூடாது. அரை மணி நேரத்தில் பக்கத்துக் குப்பமான திரேஸ்புரமே திரண்டு வந்து வரிசையில் நின்றது. மொத்தம் பதினேழு இஞ்ஞாசிகள். ஒருவர் நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு.

“உம்ம பேரு?”

“ராமரு... இல்ல, இஞ்ஞாசி.”

“திருநீறு பூசியிருக்கீரே?”

“போன வாரந்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். இன்னும் பழக்கம் விடல.”

ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டு கேள்வித்தாளை எடுத்தான். ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்காமல், பதிலை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம் என்று ஒரு யோசனை. படித்தவன் அல்லவா!

“ராத்திரி உறக்கம் வருதா?”

“வரல.”

“காரணமில்லாம பயம் வருதா?”

“காரணத்தோடதான் வருது.”

“யாரோ பின்னாலயே வாரமாதிரி தோணுதா?”

“தோணுதாவா? ரேஷன் இன்ஸ்பெக்டரு நெசமாவே வாராரு!”

பதினேழு பேரும் இதையே சொன்னார்கள். புரொபசரின் கணக்குப்படி துறைமுகத்தையே பூட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது.

அந்நேரம் பார்த்துத் தோணி முதலாளி, காயல்பட்டணத்து முத்துவாப்பா, குடையோடு வந்து சேர்ந்தார்.

“சரக்கு ஏத்தாம இங்கன என்ன கூட்டம்?”

ஆவுடையப்பன் பதறிப்போய்க் காகிதங்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கடற்காற்றுக்கு முதுகு ஏது, முன்பக்கம் ஏது? புரொபசரின் கடிதம் பறந்து முதலாளியின் காலடியில் விழுந்தது. அவர் எடுத்தார், கண்ணாடி மாட்டினார். கடிதம் இங்கிலீஷில் இருந்தது. கொழும்பில் கடை நடத்தியவருக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. ஆஸ்பத்திரியின் பெயர், இஞ்ஞாசியின் பெயர், ஒன்று விடாமல் வாசித்தார்.

“ஏலே இஞ்ஞாசி!”

“மொதலாளி!” என்றார்கள் பதினேழு பேரும்.

அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. தோணி நிழலில் ஒருவர் காலையிலிருந்து பாய்மரப் பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். வரிசைக்கு வராத ஒரே ஆள். ஊசியைப் பாயில் குத்திவிட்டு எழுந்து வந்தார்.

“இந்தத் தம்பி கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. முடிஞ்சதும் கடையில வந்து என்னையப் பாரு” என்று சொல்லிவிட்டு, கடிதத்தையும் மடித்துக் கொடுத்துவிட்டு, முத்துவாப்பா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆவுடையப்பனுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. அதற்கு விலையாக ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போட்டாயிற்று. அவனுக்குத் தன் முகத்திலேயே துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பர்னபாஸைத் தனியே இழுத்துக்கொண்டு போனான்.

“பாவி நான் கெடுத்துட்டேனே, அண்ணாச்சி! சீட்டைக் கிழிக்கத்தானே கூப்பிடுதாரு? ஆஸ்பத்திரியில இருந்த ஆளுன்னு மொதலாளிக்குத் தெரிஞ்சுபோச்சே!”

பர்னபாஸ் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னைக்கா தெரியும்? ஆஸ்பத்திரியில மொதலாளிக்கும் அவனுக்கும் அடுத்தடுத்த கட்டிலுல்லா!”